காறை எலும்பு, ஃபேன் ஸ்டாண்டு, நாலு புத்தகம்

எங்கள் வீட்டுப் பரணில் பல வருடமாகக் கிடந்த பெடஸ்டல் ஃபேன் மூன்று வாரமாக என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மோட்டார் எரிந்துபோனது, இறக்கையும் கிடையாது. தலை இருந்த இடத்தில் ஒரு ப்ளைவுட் பலகை, பலகைமேல் திறந்த புத்தகம், பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு சைக்கிள் ஸ்போக். ஒரு கையை மடியில் போட்டுக்கொண்டு மற்றொரு கையின் ஒரே விரலால் படிக்கலாம். இந்த நிலைக்கு வர மூன்று முயற்சி, ஐந்து வாரம் ஆனது. எலும்பும் ஸ்டாண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் கூடின.

விழுந்த கதை சின்னது. பிப்ரவரி முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி, திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகும் சாலை. சம்பா அறுவடை முடிந்த நேரம், சாலையோரம் முழுக்க வைக்கோல். அதன்மேல் பனி. எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கினேன், முன் சக்கரம் வைக்கோலில் ஏறியது, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது தோள்தான் முதலில் தரையைத் தொட்டது. ‘மளுக்’ என்று கேட்டது. சைக்கிளில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, எழுந்ததும் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தேன். ஹேண்டில்பார் கோணல், பின் சக்கரத்தில் நாலு ஸ்போக் காலி. கையைத் தூக்கப் பார்த்தபோதுதான் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

எக்ஸ்ரேயில் இடது காறை எலும்பு நடுவில் உடைந்திருந்தது. அந்த எலும்பு பெரும்பாலும் நடுவில்தான் உடையுமாம். ஆபரேஷன் வேண்டாம், கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருங்கள் என்றார் டாக்டர். விரலையும் மணிக்கட்டையும் அசைக்கலாம், எதையும் தூக்கக்கூடாது. மல்லாந்து படுத்தால் வலிக்கும், அதனால் முதல் இரண்டு வாரம் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினேன். பகலிலும் அதே நாற்காலிதான். படிக்காமல் சேர்ந்துபோன புத்தகங்களைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. ஒரு கையால் புத்தகம் பிடிப்பது எப்படி என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டை விரல் நடுவில், மூன்று விரல் பின்னால், சுண்டு விரல் கீழே முட்டுக் கொடுக்கும். இருபது நிமிடத்தில் கட்டை விரலின் அடிக்கணு வலிக்க ஆரம்பிக்கும். பக்கத்தைத் திருப்ப, புத்தகத்தைத் தொடையில் கவிழ்த்துவைத்து, எடுத்து, மறுபடி விட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒருமுறை மூக்கால் திருப்பிப் பார்த்தேன். மகள் வீடியோ எடுத்துவிட்டாள்.

சமையலறைத் தராசைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்திலிருந்த புத்தகங்களை எடை போட்டேன். ஜெரோம் கே. ஜெரோமின் ‘த்ரீ மென் ஆன் தி பம்மல்’, பழைய பேப்பர்பேக், 180 கிராம். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 260 கிராம். மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்துவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ 520 கிராம். ‘பொன்னியின் செல்வன்’ என்னிடம் இருப்பது ஐந்து பாகங்களையும் இரண்டு புத்தகமாகச் சேர்த்துக் கட்டிய மலிவுப் பதிப்பு. முதல் புத்தகம் மட்டும் 1,340 கிராம். என் வலது கைக்கு 250 கிராம்தான் எல்லை என்று கண்டுபிடித்தேன். அதற்கு மேல் போனால் கதை மனதில் ஏறாது, கைதான் ஏறும்.

கிண்டில் வாங்கியிருக்கலாமே என்று இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் அலமாரியில் இருப்பது காகிதம்.

அந்த முதல் வாரத்தில் 250 கிராமுக்குள் வந்தது ஜெரோம் மட்டும்தான். 1900-இல் வந்த புத்தகம், மூன்று நண்பர்கள் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் சைக்கிளில் சுற்றப் போவது. விழுந்து கிடப்பவன் படிக்கச் சரியான புத்தகம் என்று நினைத்து எடுத்தேன். அதில் ஓர் ஆள் வருவார். சைக்கிளைச் சரிபண்ணித் தருகிறேன் என்று தானாகவே முன்வந்து சக்கரத்தைக் கழற்றுவார், பால்பேரிங் குண்டுகள் தரையெல்லாம் ஓடும், இரண்டு பேரும் தவழ்ந்து பொறுக்குவார்கள். அந்த இடத்தில் சிரித்துத் தோள் குலுங்கி வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெர்மனிக்குள் நுழைந்த பிறகு ஜெரோம், ஜெர்மானியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அந்தப் பகுதியை வேகமாகத் தள்ளினேன். முதல் பாதிக்கு மட்டும் கடையில் காசு கொடுக்கலாம்.

‘18வது அட்சக்கோடு’ எல்லையைப் பத்து கிராம் தாண்டியிருந்தது. பரவாயில்லை என்று எடுத்தேன். நாற்பது பக்கம் தாண்டவில்லை. ‘ஒன்றுமே நடக்கவில்லை, தட்டையாகப் போகிறது’ என்று நோட்டில் எழுதிவைத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் முயற்சி அம்மாவின் சிக்குப்பலகை. பாராயணத்துக்கு வைத்திருக்கும் பலகை. ஒரே தேக்குப் பலகையை நடுவில் கோத்ததுபோல் அறுத்து, விரித்தால் பெருக்கல் குறிபோல நிற்கும். செலவில்லை. மடியில் தலையணை, தலையணைமேல் பலகை, பலகைமேல் புத்தகம். தடித்த புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்தால் தொட்டிலில் குழந்தை மாதிரி படுத்துக்கொள்கிறது. ஆனால் அது சம்மணம் போட்டுக் குனிந்து படிப்பவர்களுக்கான சாமான். சாய்ந்திருப்பவனின் மடியில் வைத்தால் பக்கம் கூரையைப் பார்க்கும், நான் கழுத்தை முன்னால் தள்ளிக் கீழே பார்க்க வேண்டும். கழுத்து வளைந்தால் காறை எலும்பு சும்மா இருக்காது. மெலிந்த புத்தகமோ சந்துக்குள் சறுக்கி விழுந்தது. மூன்றாம் நாள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. புத்தகம் கண்ணுக்கு நேரே வர வேண்டும், எடை என்மேல் இருக்கக்கூடாது. சாய்ந்த நிலையில் என் கண் தரையிலிருந்து 92 செ.மீ. உயரத்தில் இருந்தது, மகள்தான் டேப் வைத்து அளந்தாள். கண்ணுக்கும் பக்கத்துக்கும் 40 செ.மீ. இருந்தால் கண்ணாடியோடு வசதி.

இரண்டாவது முயற்சி பி.வி.சி. பைப். முக்கால் இஞ்சு பைப் 10 அடி, முனை திருப்பும் எல்போ ஆறு, மூன்று வாய் கொண்ட டீ இணைப்பு நாலு, ஒட்டுவதற்கு ஒரு டப்பி சால்வென்ட். நாற்காலியைச் சுற்றி ஒரு வாசல்மாதிரி சட்டம், மேல் கட்டையில் புத்தகத்துக்கு ஒரு மரச்சட்டம். காகிதத்தில் படம் அழகாக இருந்தது. பைப்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஹேக்ஸா பிடித்து அறுத்தேன். தோளுக்கு நல்லதல்ல என்று எனக்கே தெரியும், டாக்டருக்குச் சொல்லவில்லை. இரண்டு துண்டு வாய் கோணலாக வந்தது. மூன்றாவது துண்டில் அப்பா வந்து ஹேக்ஸாவைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருடம் இரும்போடு வாழ்ந்தவருக்கு பி.வி.சி.மேல் மரியாதை கிடையாது. வாய் திறக்காமல் அறுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சால்வென்ட் போட்டு ஒட்டிவிட்டேன்.

“ஒட்டுறதுக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்து பாத்தியாடா?”

பார்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்தால் புத்தகம் 7 செ.மீ. கீழே இருந்தது. எல்போவுக்குள் பைப் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதை அளவில் சேர்க்க மறந்திருந்தேன். ஒட்டிய பி.வி.சி.யைப் பிரிக்க முடியாது, அறுத்துத்தான் எறிய வேண்டும். உயரத்தைக்கூடச் செங்கல் வைத்துச் சரிசெய்யலாம், செய்தேன். சரிசெய்ய முடியாதது ஆட்டம். பக்கத்தைத் திருப்ப விரல் பட்டாலே முழுச் சட்டமும் சாமி வந்ததுபோல ஆடும். எழுத்து நிற்க நாலைந்து விநாடி ஆகும். ‘பொன்னியின் செல்வ’னை வைத்தபோது மேல் பைப் நடுவில் வாழைத்தார் சுமந்த மரம்போல வளைந்தது. 331 ரூபாய் போச்சு. அந்தச் சட்டத்தில் இப்போது அவரைக்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆட்டத்தோடேயே ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் படித்தது, இப்போது நாற்பத்தாறு. 1950-இலிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியோடுதான் முடிப்பார். ஆடுகிற சட்டத்திலும் அந்தக் கொக்கி பிடித்து இழுத்தது, அதுவே பெரிய விஷயம். ஆனால் இந்த முறை எரிச்சல் ஒன்று வந்தது. வந்தியத்தேவன் குதிரையிலிருந்து, மதிலிலிருந்து, படகிலிருந்து எங்கெங்கோ விழுகிறான், குதிக்கிறான், அடுத்த அத்தியாயத்தில் உடம்பைத் தட்டிவிட்டு எழுந்து போகிறான். ஒரு எலும்பு? ஒரு வாரம் ஓய்வு? குந்தவையின் அரசியல் கணக்குகள் சின்ன வயதில் சலிப்பாக இருந்தன. இப்போது அந்தப் பகுதிகளுக்காகத்தான் பக்கம் திருப்பினேன். பின்பாகங்களில் ரகசியங்களை அவிழ்க்கிற வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்ற என் பழைய எண்ணம் மாறவில்லை.

ஃபேன் யோசனை அப்பாவுடையது. சட்டம் ஆடுவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, “வெயிட்டு கீழ இருக்கணும்டா” என்று சொல்லிப் பரணில் ஏறப் போனார். எழுபத்து நாலு வயதில் ஏற வேண்டாம் என்று சத்தம் போட்டு, எதிர்வீட்டுத் தம்பியை ஏறச் சொன்னோம். வார்ப்பிரும்பு அடி, வட்டம், 40 செ.மீ. குறுக்களவு; தனியாகக் கழற்றி எடைபார்க்கும் எந்திரத்தில் வைத்தபோது ஏழு கிலோவைத் தாண்டியது. உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், உயரத்தை ஏற்றி இறக்கப் பக்கத்தில் ஒரு திருகு. தலையைச் சாய்க்கும் கழுத்தும் திருகோடு அப்படியே இருந்தது. புத்தகப் பலகைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஃபேன் கம்பெனிக்காரன் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறான். மூன்று வாரம் நான் வீணாக்கியிருக்கிறேன்.

இரண்டு சிக்கல். ஃபேன் ஸ்டாண்டு எவ்வளவு இறக்கினாலும் எனக்கு உயரம் அதிகம். வெளிக்குழாயில் 14 செ.மீ. வெட்ட வேண்டியிருந்தது. அடுத்தது, ஸ்டாண்டு நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்க முடியும், புத்தகம் முகத்துக்கு எதிரே வர வேண்டும். ஆக, பக்கவாட்டில் நீளும் ஒரு கை வேண்டும். ஒரு இஞ்சு சதுரக் குழாயில் 45 செ.மீ. துண்டு, ஒரு முனையில் உள்குழாயின்மேல் தொப்பிமாதிரி உட்காரும் 7 செ.மீ. ஸ்லீவ், மேலே தகடு வைத்து மூடியது. மறுமுனையில் ஃபேனின் பழைய கழுத்து. பாலக்கரையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு நானும் அப்பாவும் ஆட்டோவில் போனோம். என் கைத்தொட்டிலைப் பார்த்த பட்டறைக்காரர், “இதுக்கா கம்பி வைக்கணும்?” என்று கேட்டார். நல்ல மனிதர், இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

ஸ்லீவ் சுழலும் என்பதால் எழுந்து போகும்போது பல் டாக்டர் தட்டுமாதிரி பலகையைத் தள்ளிவிடலாம். முதலில் ஸ்டாண்டை வலப்பக்கம் வைத்தேன், எழும்போதெல்லாம் முழங்கை இடித்தது. இடப்பக்கத்துக்கு மாற்றியதும் சரி.

ஆனால் சுழல்கிறது என்பதே அடுத்த தொல்லை. பக்கத்தைத் திருப்பும்போது கை படும் அந்தச் சின்ன வேகத்துக்கே பலகை இடப்பக்கம் நகர்ந்து போகும். நாள் முழுக்கப் புத்தகத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். போல்ட் போட்டு இறுக்கினால் தள்ள முடியாது. ஒரு மாலை முழுக்க யோசித்து, கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபில் 6 செ.மீ. அகலத் துண்டு வெட்டி உள்குழாய்மேல் ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் ஸ்லீவை எச்சில் தொட்டு முறுக்கி இறக்கினேன். இப்போது வேண்டுமென்று தள்ளினால் நகரும், விரல் பட்டால் நகராது. அப்பா தள்ளிப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். எங்கள் வீட்டில் அது முதல் வகுப்பு மதிப்பெண்.

பலகை 9 மி.மீ. ப்ளைவுட், 38-க்கு 27 செ.மீ., ஆசாரியிடம் மிச்சத் துண்டு. கீழே 4 செ.மீ. விளிம்பு. அது போதும், அதிகம் வைத்தால் கடைசி வரி மறையும்.

பக்கத்தைப் பிடித்துவைப்பதில்தான் அதிக நேரம் போனது. துணி கிளிப் போட்டேன். பிடி பலம், ஆனால் கழற்றிப் போட ஒரு கை போதாது. குறுக்காக எலாஸ்டிக் நாடா கட்டினேன். தாளை அதிலிருந்து உருவி மறுபடி சொருக ஒரு பக்கத்துக்கு 11 விநாடி. மகள் மொபைலில் நேரம் பார்த்தாள். முந்நூறு பக்கப் புத்தகம் என்றால் பாதித் தடவை, நூற்றைம்பது திருப்பல், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வெறும் சொருகலுக்கு. பிறகுதான் உடைந்த சக்கரத்து ஸ்போக்குகள் நினைவுக்கு வந்தன. 2 மி.மீ. கம்பி, விறைப்பானது. இரண்டை 13 செ.மீ. அளவில் வெட்டி, அடியை வளைத்து, விளிம்பில் போட்ட ஓட்டைகளில் இறுக்கமாகச் சொருகினேன். நுனியில் வால்வு ட்யூப் மாட்டினேன், சைக்கிள் கடையில் விற்கும் அதே மெல்லிய ரப்பர்க் குழல். ரப்பர் தாளில் ஒட்டிக்கொள்ளும், தாளைக் கிழிக்காது. ஸ்போக்கை விரலால் ஒதுக்கு, தாளைப் புரட்டு, ஸ்போக்கை விடு: 4 விநாடி. இடப்பக்கத்து ஸ்போக்கைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும்.

பசையில் கட்டிய புத்தகம் இதற்கும் அடங்கவில்லை. இப்போது வருகிற புத்தகங்கள் முக்கால்வாசி முதுகில் சூடான பசை தடவி ஒட்டியவை. விரித்து வைத்தால் எலிப்பொறிமாதிரி மூடிக்கொள்ளும். ‘18வது அட்சக்கோ’ட்டைக் கொஞ்சம் அழுத்தி விரித்தேன், நடுவில் பிளந்து பதினாறு பக்கம் கையோடு வந்துவிட்டது. நூலகத்துப் பழைய ‘நடந்தாய் வாழி காவேரி’ நூலால் தைத்த பைண்டிங், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. குண்டுப் புத்தகத்துக்கு வேறு வைத்தியம்: ஆரம்பத்தில் வலப்பக்கம் மேடாகவும் இடப்பக்கம் பள்ளமாகவும் இருக்கும், ஸ்போக் ஒரு பக்கம் எட்டாது. இடது அட்டைக்குக் கீழே பழைய வாரப் பத்திரிகைகளை ஆப்புமாதிரி வைத்து, படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக உருவினேன்.

சரி, அந்த நோட்டு வரி. ஸ்டாண்டு நின்றதும் பிளந்த பக்கங்களை ஒட்டி, ‘18வது அட்சக்கோ’ட்டை முதலிலிருந்து எடுத்தேன். இரண்டே நாளில் முடித்தேன். 1977-இல் வந்த நாவல்; ஹைதராபாத் இந்தியாவோடு சேருமா சேராதா என்று தெரியாத நாட்கள், சிகந்தராபாத், ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, சந்திரசேகரன் என்ற மாணவன், கிரிக்கெட், கல்லூரி, சைக்கிள். ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? நடந்துகொண்டே இருக்கிறது, யாரும் குரலை உயர்த்திச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை மாறுகிறது, தெரு மாறுகிறது, சைக்கிளில் போகிற பையனுக்குத் தான் எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு அந்தச் சுவர்களும் வாசல்களும் தெரியும். தட்டையாக இருந்தது என் கட்டை விரல்தான். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். இதற்கு முன் பஸ்ஸில் நின்றுகொண்டும் காய்ச்சலில் படுத்துக்கொண்டும் நான் ‘சுமார்’ என்று தள்ளிய புத்தகங்கள் எத்தனையோ.

‘நடந்தாய் வாழி காவேரி’யைக் கடைசி வாரம் படித்தேன். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக்கரையைச் சுற்றி வந்து சேர்ந்து எழுதியது. அவசரமே இல்லாத எழுத்து. நல்ல புத்தகம், ஆனால் ஒரே மூச்சில் படிக்கிற புத்தகம் இல்லை. நாளுக்கு இருபது பக்கம், ஒரு தூக்கம், இன்னொரு இருபது. கல்லணைப் பகுதி வந்தபோது மட்டும் தோள் தானாக இறுகியது.

கணக்கு: பி.வி.சி. 331. சதுரக் குழாய் 90, வெட்டல், வெல்டிங் 250, ப்ளைவுட் 60, போல்ட் நட் வாஷர் 38. ஆட்டோ போக வர 160. மொத்தம் 929 ரூபாய். ஸ்டாண்டுக்கு மட்டும் என்றால் பி.வி.சி.யைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவும் என் பாக்கெட்டிலிருந்து போனதுதான்.

அடுத்த முறை செய்தால் — அடுத்த முறை விழ வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள் — கையை 45-க்குப் பதில் 38 செ.மீ. வைப்பேன், 1,340 கிராம் புத்தகத்துக்கு நுனி லேசாகத் தொங்குகிறது. பலகையின் கனம் குறைய 6 மி.மீ. ப்ளைவுட் போதும். ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கு வேண்டும், இரவில் என் தலை நிழல் சரியாகப் பக்கத்தின்மேல் விழுகிறது. முதல் நாளே பரணைப் பார்ப்பேன்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் உடைந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு திரண்டிருந்தது. தொட்டிலைக் கழற்றியாகிவிட்டது, கனம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தூக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாவது புத்தகத்தோடு நாற்காலிக்குப் போனேன். பலகையில் தினசரி விரித்திருந்தது, இரண்டு ஸ்போக்குக்கும் நடுவே அப்பா. உயரத்தை அவருக்குத் தகுந்தபடி 9 செ.மீ. ஏற்றி, திருகை ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்கிறார். என் ஒரு கைக்கு அது அவிழவில்லை.